கலவையில் கலந்த கமிஷன்

பெங்களூரில் மணலும் சிமென்ட்டும் கம்பியும் எந்தக் கையில் குறைகின்றன? விலை கொடுப்பது யார்?

2024 அக்டோபர் 22. பெங்களூரில் மழை விடவே இல்லை. வடக்கே யெலஹங்காவில் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் வெள்ளம் புகுந்து, ஆட்களைப் படகில் ஏற்றி வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். தொலைக்காட்சி கேமராக்கள் எல்லாம் அங்கே நின்றன. அதே நாள் பிற்பகல், ஹென்னூரை அடுத்த பாபுசாபாளையாவில், கட்டிக்கொண்டிருந்த பல மாடிக் கட்டடம் ஒன்று சில நொடிகளில் சரிந்து தரைமட்டமானது. பூச்சு வேலையும் டைல்ஸ் வேலையும் முடியாத கட்டடம். உள்ளே ஆட்கள் வேலையில் இருந்தார்கள்.

தீயணைப்புத் துறையும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் மோப்ப நாய்களோடு இரவெல்லாம் தேடின. ஸ்லாப் மேல் ஸ்லாப்பாகக் கிடந்ததை வெட்டி வெட்டி ஆட்களை எடுத்தார்கள். பிழைத்தவர்களும் உண்டு, ஒன்பது பேர் பிழைக்கவில்லை. பிழைப்புக்காகப் பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அந்தக் கட்டடம் சட்டவிரோதமாக எழுப்பப்பட்டது என்று துணை முதல்வர் டி.கே. சிவகுமார் அங்கேயே சொன்னார். உரிமையாளர் தரப்பும் ஒப்பந்ததாரரும் கைது செய்யப்பட்டார்கள். மாநகராட்சி அதிகாரி பணி இடைநீக்கம் செய்யப்பட்டார். செய்தி அடுத்த வாரமே பழசானது.

மழை மேல் பழி போடுவது எளிது. ஆனால் அன்று அந்த ஊரில் நனைந்த கட்டடங்கள் லட்சக்கணக்கில் இருந்தன. தெருவே பார்க்கத் தளத்துக்கு மேல் தளம் ஏறுகிறது. லாரி லாரியாக மணல் வந்து இறங்குகிறது. கான்கிரீட் போடுகிறார்கள், கம்பி கட்டுகிறார்கள். இவ்வளவும் நடந்து முடிய எத்தனை பேர் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்க வேண்டும்? பார்க்காமல் இருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலை யார் பையில் இருந்து போகிறது, கட்டடத்தின் எந்தப் பாகத்தில் இருந்து போகிறது என்பதுதான் நாம் பேச வேண்டிய விஷயம்.

நாற்பது சதவீதம் எங்கிருந்து வரும்?

2021 ஜூலை 6 அன்று கர்நாடக மாநில ஒப்பந்ததாரர்கள் சங்கம் பிரதமர் மோடிக்கு ஒரு கடிதம் எழுதியது. எழுதியவர் சங்கத் தலைவர் டி. கெம்பண்ணா. டெண்டர் தொகையில் 40 சதவீதம் வரை மக்கள் பிரதிநிதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் கமிஷனாகப் போகிறது என்பது குற்றச்சாட்டு. வேலை தொடங்கும் முன் ஒரு பங்கு, நடக்கும்போது ஒரு பங்கு, பில் பாஸாகும்போது ஒரு பங்கு. அரசு வேலை எடுக்கிறவர்களே தலைவர் பெயரோடு, முத்திரையோடு இப்படி எழுதிக் கொடுத்தது இந்தியாவில் அபூர்வம்.

2022 ஏப்ரலில் பெலகாவியைச் சேர்ந்த ஓர் ஒப்பந்ததாரர் உடுப்பி விடுதியில் இறந்து கிடந்தார். ஹிண்டல்கா கிராமத்தில் செய்த சாலை வேலைகளுக்குப் பணம் வரவில்லை, கமிஷன் கேட்கிறார்கள் என்று அவர் முன்பே புகார் சொல்லியிருந்தார். அப்போதைய ஊரக வளர்ச்சித் துறை அமைச்சர் கே.எஸ். ஈஸ்வரப்பா பதவி விலகினார். காவல்துறை பிறகு அவருக்கு எதிராக ஆதாரம் இல்லை என்று அறிக்கை தாக்கல் செய்தது. 2023 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் ‘40 சதவீத சர்க்கார்’ என்ற கோஷத்தோடு போனது, வென்றது. வென்ற மூன்றே மாதத்தில், நிலுவை பில்லை விடுவிக்கக் கமிஷன் கேட்கப்படுகிறது என்று பெங்களூரு மாநகராட்சி ஒப்பந்ததாரர்கள் ஆளுநரிடம் போனார்கள். அரசு மறுத்தது. கட்சிக்கொடி மாறியது, புகார் மாறவில்லை. ஆகவே இதை ஒரு கட்சியின் கதையாகப் படிக்க வேண்டாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பகுப்பு முறையில், அசல் செலவின் மேல் 15 சதவீதம் ஒப்பந்ததாரரின் லாபமும் மேல்செலவுமாகச் சேர்க்கப்படுகிறது. வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு கோடி ரூபாய் வேலையில் அது சுமார் 13 லட்சம். சங்கம் சொன்ன 40 சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், 40 லட்சம் கைமாற வேண்டும். தன் லாபம் முழுவதையும் விட்டுக்கொடுத்தாலும் ஒப்பந்ததாரருக்கு 27 லட்சம் துண்டு விழுகிறது.

அந்த 27 லட்சத்துக்கு இரண்டே வழி. ஒன்று, மதிப்பீட்டையே முதலில் ஊதிப் பெரிதாக்குவது. அப்போது இழப்பு வரி கட்டுகிறவருக்கு. இன்னொன்று, பொருளில் கைவைப்பது. கூலியில் ஓரளவுக்கு மேல் குறைத்தால் ஆள் நிற்காது. டீசலில் குறைக்க முடியாது. மிச்சம் இருப்பது மணல், ஜல்லி, சிமென்ட், கம்பி, தார். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் ஒரு மூட்டை சிமென்ட் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. தூணில் ரிங்குகளுக்கு நடுவே ஆறு அங்குலம் இருக்க வேண்டிய இடைவெளி ஒன்பது அங்குலம் ஆனால், கான்கிரீட் போட்ட மறுநிமிடம் அதுவும் மறைந்துவிடும். கமிஷன் என்பது நோட்டுக் கட்டாக மேலே போகிறது. கீழே அது மூட்டையாகவும் கம்பியாகவும் குறைகிறது.

இன்னொரு கொடுமை, பில் தாமதம். வேலையை முடித்துவிட்டு ஒன்றிரண்டு வருஷம் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாநிலம் முழுக்க 30 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி என்று சங்கம் 2025-ல் சொன்னது. ஜல்லியும் சிமென்ட்டும் கடனில் வாங்கியவருக்கு மாதாமாதம் வட்டி ஓடுகிறது. அந்த நிலையில் பில்லைச் சீக்கிரம் நகர்த்தித் தருகிறேன் என்று ஒருவர் வந்தால் அவர் கேட்பதைக் கொடுக்காமல் இருப்பது கஷ்டம். தாமதமே வசூலுக்கான ஆயுதமாகிவிட்டது.

--------------------
பெட்டிச் செய்தி: தேதிகள் சொல்வது

1983 செப்டம்பர் 12: பெங்களூரு சுபேதார் சத்திரம் சாலையில், கபாலி தியேட்டர் அருகே கட்டிக்கொண்டிருந்த கங்காராம் கட்டடம் இடிந்தது. 123 பேர் பலி.

2014 ஜூன் 28: சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் பலி.

2019 மார்ச் 19: தார்வாடில் கட்டுமானத்தில் இருந்த கட்டடம் இடிந்தது. 19 பேர் பலி.

2021 ஜூலை 6: கமிஷன் பற்றி ஒப்பந்ததாரர்கள் சங்கம் பிரதமருக்குக் கடிதம்.

2022 ஆகஸ்ட் 11: ஊழல் தடுப்புப் பிரிவைக் கலைத்து, விசாரணை அதிகாரத்தை லோக் ஆயுக்தாவுக்கே திருப்பித் தந்தது கர்நாடக உயர் நீதிமன்றம்.

2024 அக்டோபர் 22: பாபுசாபாளையா.

2025 மார்ச் 12: நீதிபதி எச்.என். நாகமோகன் தாஸ் ஆணையம் கமிஷன் புகார் பற்றிய அறிக்கையை முதல்வர் சித்தராமையாவிடம் கொடுத்தது.
--------------------

ஏரி மண் மணலான கதை

பெங்களூரில் வீடு கட்டிய தமிழர் யாரைக் கேட்டாலும் ‘ஃபில்டர் மணல்’ என்ற பெயர் தெரிந்திருக்கும். ஆற்று மணலுக்குக் கெடுபிடி வந்தபோது அது பெருகியது. ஐந்து ஹெக்டேருக்கும் குறைவான மணல் குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் நகரம் கட்டுவதை நிறுத்தவில்லை. பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் போதுமான அளவு வந்து சேரவும் இல்லை. அந்த இடைவெளியில் கோலார், பெங்களூரு ஊரக மாவட்டங்களின் ஏரிகளும் வயல்களும் பலியாயின.

செய்முறை மிக எளிது. ஏரி அடியிலோ புஞ்சை நிலத்திலோ ஜேசிபி வைத்து மண்ணை வெட்டுகிறார்கள். சரிவாக வெட்டிய குழியில் அதைக் கொட்டி, மோட்டார் வைத்து வேகமாகத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். சேறு கரைந்து கலங்கலாக வழிந்தோடுகிறது. அடியில் கனமான மணல் தங்குகிறது. அதை வாரிச் சலித்தால் ராத்திரி லாரிக்கு லோடு தயார். காய்ந்த பிறகு பார்த்தால் ஆற்று மணலுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. கையில் எடுத்துத் தேய்த்தால் தெரியும். விரலில் பிசுபிசுப்பாகச் செம்மண் ஒட்டும். அந்தக் களிமண் படலம் மணலைச் சுற்றி இருக்கும்வரை சிமென்ட் அதைப் பிடிக்காது. கலவை இறுகுவதற்கு முன்பே மேஸ்திரி தண்ணீர் கூட்டுவார், ஏனென்றால் களிமண் தண்ணீர் குடிக்கும். தண்ணீர் கூடினால் பலம் குறையும். பூச்சு வெடிக்கும், வெடிப்பில் ஈரம் இறங்கும், ஈரம் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். இயற்கை மணலில் 75 மைக்ரானுக்கும் நுண்ணிய தூள் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தரநிலை ஐஎஸ் 383 சொல்கிறது. ராத்திரி லாரியில் வருகிற மணலுக்கு யார் இதைச் சோதித்துப் பார்த்தார்கள்?

வறண்ட கோலாரில், குடிக்கிற தண்ணீருக்கே ஆயிரம் அடிக்கும் கீழே போர் போடுகிற ஊர்களில், மணல் அலசத் தண்ணீர் ஓடியது என்பதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். இதை எதிர்த்து ராத்திரியில் தானே இறங்கி லாரிகளைப் பிடித்தவர், அங்கே மாவட்ட ஆட்சியராக இருந்த டி.கே. ரவி. 2014-ல் அவரை மாற்றியபோது கோலார் மக்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். மாற்றல் உத்தரவு ரத்தாகவில்லை.

எம்-சாண்ட் வந்ததும் பிரச்னை தீர்ந்தது என்று சொல்ல முடியாது. சரியான எம்-சாண்ட் என்றால் பாறையை உடைத்து, முனை மழுக்கி, அலசி, அளவு பிரித்து எடுக்க வேண்டும். அதற்கு மிஷின் செலவு, தண்ணீர்ச் செலவு. ஜல்லி உடைக்கும்போது மிஞ்சுகிற கிரஷர் தூளை அப்படியே எம்-சாண்ட் என்று ஏற்றிவிடுவது மலிவு. பெங்களூருக்கு வரும் ஜல்லியும் எம்-சாண்டும் சிக்கபள்ளாபூர் பக்கத்துப் பாறைகளிலிருந்தும், அத்திப்பள்ளி எல்லைக்கு இந்தப் பக்கம் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்தும் பெருமளவு வருகின்றன. ஒரே நடைச்சீட்டில் பல நடை, சீட்டில் எழுதிய எடைக்கு மேல் பாரம் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். சீட்டில்லாத லோடுக்கு அரசுக்கு ராயல்டி இல்லை. தரத்துக்குப் பொறுப்பேற்க ஆளும் இல்லை.

குவாரியில் தொடங்குகிற முறைகேடு குவாரியிலேயே உயிரையும் எடுக்கும். 2021 பிப்ரவரியில் சிக்கபள்ளாபூர் மாவட்டம் ஹிரேநாகவல்லியில், சட்டவிரோதமாக வைத்திருந்த ஜெலட்டின் குச்சிகள் வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால்தான் சிவமொக்கா அருகே ஹுணசோடில் கிரஷரை ஒட்டி வெடிபொருள் லாரியே வெடித்துச் சிதறியிருந்தது. நம் வீட்டுத் தளத்துக்கு வருகிற ஜல்லி இந்த வழியாகத்தான் வருகிறது.

தமிழ்நாடு இதில் ஒசத்தி என்று நாம் சொல்லிக்கொள்ள வழியில்லை. 2023-ல் தமிழக மணல் குவாரிகளைச் சோதித்த அமலாக்கத்துறை, ஐஐடி கான்பூர் நிபுணர்களை வைத்து 28 இடங்களை அளந்தது. அரசுக் கணக்கில் வந்த வருவாய் 36.45 கோடி, தோண்டிய மணலின் மதிப்பு 4,730 கோடி என்று அது சொன்னது. ஒப்பந்ததாரர்கள் மீதான நடவடிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் ரத்து செய்துவிட்டது. ஆற்றில் விழுந்த பள்ளங்களை எந்த உத்தரவும் ரத்து செய்ய முடியாது.

வராத சரக்குக்கு பில்

2023 அக்டோபரில் வருமான வரித்துறை அரசு ஒப்பந்ததாரர்களையும் அவர்களோடு தொடர்புடையவர்களையும் குறிவைத்துச் சோதனை நடத்தியது. கர்நாடகம், தெலங்கானா, ஆந்திரா, தில்லி என்று 55 இடங்கள். சுமார் 94 கோடி ரூபாய் ரொக்கம் பிடிபட்டது. இதில் 42 கோடி ரூபாய் அளவுக்கு ஆர்.டி. நகர்ப் பகுதியில் ஒரே வீட்டில், அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக் கிடந்தது. அது யாருடைய பணம், யாருக்குப் போக இருந்தது என்று பாஜகவும் காங்கிரஸும் ஒருவர் மேல் ஒருவர் சேற்றை வாரி இறைத்துக்கொண்டார்கள்.

ஊர் முழுக்க ரொக்கத்தைப் பற்றிப் பேசியது. எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது வரித்துறை அறிக்கையில் இருந்த இன்னொரு விஷயம். வாங்காத சரக்கை வாங்கியதாகப் பொய் பில், துணை ஒப்பந்ததாரருக்குக் கொடுக்காத பணத்தைக் கொடுத்ததாகக் கணக்கு. சரக்கு வந்து சேர்ந்ததற்கான ரசீதுகளைச் சரக்குக் கொடுத்தவர்களின் கணக்கோடு ஒப்பிட்டபோது கோடிக்கணக்கில் வித்தியாசம் இருந்தது என்கிறது அந்த அறிக்கை.

லஞ்சத்தைக் காசோலையில் கொடுக்க முடியாது. ரொக்கம் வேண்டும். கணக்கில் இருக்கிற பணத்தை ரொக்கமாக்க, வராத சிமென்ட்டுக்கும் வராத கம்பிக்கும் ஒரு பில் வேண்டும். அந்த பில்லைத் தயாரித்துக் கொடுப்பதற்கென்றே பெயருக்குக் கம்பெனிகள் முளைக்கின்றன. ஆக, நேர்மையாகச் சரக்கு விற்கிற வியாபாரிக்கு இந்தச் சந்தையில் இடம் குறைகிறது. சரக்கே இல்லாமல் பில் மட்டும் விற்கிறவருக்கு இடம் கூடுகிறது.

வேலையும் கைமாறிக் கைமாறித்தான் போகிறது. கர்நாடகத்தில் அரசுக் கொள்முதலுக்கு 1999-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதே சட்டத்தின் 4(ஜி) பிரிவு, டெண்டர் இல்லாமல் வேலை கொடுக்க விதிவிலக்குத் தருகிறது. அவசரத்துக்கென்று வைத்த ஜன்னல் வழியாக வாடிக்கையாக வேலைகள் போயின. அரசு நிறுவனத்தின் பெயரில் போன வேலை தனியார் கைக்குத் துணை ஒப்பந்தமாக இறங்கியது. ஒவ்வொரு கைக்கும் ஒரு பங்கு. கடைசிக் கையில் கலவை போடுகிறவருக்கு என்ன மிஞ்சும்?

கியூப் சொல்லும் பொய்

இவ்வளவையும் ஒரே இடத்தில் பிடித்துவிட முடியும். அந்த இடம் ‘கியூப்’ என்னும் ஆறு அங்குலக் கான்கிரீட் கட்டி. தளம் போடும்போது அதே கலவையை எடுத்து, 150 மில்லிமீட்டர் இரும்பு அச்சில் மூன்று அடுக்காகக் குத்தி நிரப்ப வேண்டும். மறுநாள் அச்சைக் கழற்றி, தேதி எழுதி, தண்ணீரில் ஊறப்போட வேண்டும். 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் மிஷினில் வைத்து நசுக்கினால் அந்தக் கலவையின் யோக்கியதை எண்ணாக வந்துவிடும். எம் 25 ரகக் கான்கிரீட் என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். கட்டியால் பொய் சொல்ல முடியாது.

அதனால்தான் கட்டியையே மாற்றுகிறார்கள். தளத்துக்கு ஒரு கலவை, அச்சுக்கு ஒரு கலவை. இரண்டு சட்டி சிமென்ட் கூடப் போட்டு, பக்குவமாகக் குத்தித் தனியாகச் செய்து வைத்த கியூப்கள் லேபுக்குப் போகும். கட்டியே போகாமல் அறிக்கை மட்டும் வருகிற இடங்களும் உண்டு. எம்-புக் என்னும் அளவுப் பதிவேட்டில் அளவு ஏறும், அறிக்கை இணையும், பில் நகரும். காகிதத்தில் அந்தக் கட்டடம் உலகத்தரம்.

2023 ஆகஸ்ட் 11 அன்று, ஹட்சன் சர்க்கிள் மாநகராட்சித் தலைமையக வளாகத்தில் இருந்த தரக் கட்டுப்பாட்டு ஆய்வகம் தீப்பிடித்தது. சாலைக்குப் போடுகிற தாரையும் மற்றப் பொருள்களையும் சோதிக்கும் இடம் அது. ஒன்பது பேருக்குத் தீக்காயம். தலைமைப் பொறியாளர் ஒருவர் அந்த மாதக் கடைசியில் மருத்துவமனையில் இறந்துபோனார். சோதனைக்குப் பயன்படுத்திய வேதிப்பொருள் தீப்பற்றியதே காரணம் என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. அதை நம்பாமல் இருக்க என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. கடமையைச் செய்துகொண்டிருந்தபோது வெந்துபோன மனிதர்கள் அவர்கள். ஆனால் ஒப்பந்த வேலைகளை விசாரிக்க அரசு குழுக்களை அமைத்திருந்த நேரம் அது. அன்று மாலையே ஊர் கேட்ட கேள்வி, எந்த ஃபைல் எரிந்தது என்பதுதான். ஒரு விபத்தைக்கூட விபத்தாக எடுத்துக்கொள்ள முடியாத அளவுக்கு நம்பிக்கை கெட்டுப்போயிருக்கிறது.

யார் தலையில் விழுகிறது?

முதலில் கட்டடத் தொழிலாளி தலையில். தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை பக்கமிருந்து போன மேஸ்திரிகளும் சித்தாள்களும் பெங்களூரின் பாதியைக் கட்டியவர்கள். இப்போது அவர்களோடு பீகார், உத்தரப் பிரதேசம், ராய்ச்சூர் ஆட்களும். கட்டடச் செலவில் ஒரு சதவீதம் செஸ் வசூலித்துத் தொழிலாளர் நலனுக்குச் செலவிட வேண்டும் என்று 1996 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் அனுமதியே இல்லாத கட்டடத்தில் வேலை செய்கிறவர் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார். கட்டடம் காகிதத்தில் இல்லை. எனவே அவரும் காகிதத்தில் இல்லை. அவர் இறந்த பிறகுதான் பெயரே விசாரிக்கப்படுகிறது.

அடுத்தது, கடன் வாங்கி வீடு வாங்கியவர் தலையில். 2021 செப்டம்பர் 27 அன்று லக்கசந்திராவில் மெட்ரோ தொழிலாளர்கள் தங்கியிருந்த மூன்று மாடிக் கட்டடம் விழுந்தது. பத்தே நாளில் கஸ்தூரிநகரில் ஓர் அடுக்குமாடி சாய்ந்தது. இரண்டிலும் முன்கூட்டியே ஆட்கள் வெளியேறியதால் உயிர் தப்பியது. உயிர் தப்பியவர்கள் மாதத் தவணையிலிருந்து தப்ப முடியாது. வீடு மண்ணானாலும் வங்கிக் கடன் அப்படியே நிற்கும். முடிவுச் சான்றிதழ் இல்லாத கட்டடத்துக்கு மின்சாரமும் தண்ணீரும் கொடுக்கக் கூடாது என்று 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சான்றிதழ் இல்லாமலே பல வருஷமாக வீடு விற்ற ஊரில் இந்த உத்தரவு முதலில் சுட்டது வாங்கியவரைத்தான். விற்றவர் அடுத்த பிளாட்டுக்குப் போய்விட்டார்.

மூன்றாவதாக அடிபடுகிறவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர் நேர்மையான ஒப்பந்ததாரர். சரியான சிமென்ட், சரியான கம்பி, சரியான கூலி என்று கணக்குப் போட்டு டெண்டர் கேட்கிறவர் தோற்பார். பொருளில் திருடலாம் என்ற நினைப்போடு குறைத்துக் கேட்கிறவர் ஜெயிப்பார். லஞ்சம் கேட்டார்கள் என்று புகார் சொல்லலாம் என்றால், 2018-ல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டப்படி லஞ்சம் கொடுத்தவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் கொடுத்திருக்க வேண்டும். அடுத்த பில் அதே அதிகாரியின் மேஜையில் இருக்கும்போது ஏழு நாளில் யார் வாய் திறப்பார்கள்? பத்து வருஷம் இப்படியே போனால் நல்லவர்கள் தொழிலை விட்டுப் போய்விடுவார்கள். பலர் போய்விட்டார்கள்.

தென்கொரியா ஒரு நாள் இந்த இடத்தில் நின்றது. 1995 ஜூன் 29 அன்று சியோலில் சாம்பூங் வணிக வளாகம் இடிந்து 502 பேர் இறந்தார்கள். திட்டத்தில் இல்லாத மாடி, மெலிந்த தூண்கள், கண்டுகொள்ளாமல் இருக்க அதிகாரிகளுக்கு லஞ்சம். வளாகத்தின் தலைவர் சிறைக்குப் போனார். லஞ்சம் வாங்கிய நகராட்சி அதிகாரிகளும் போனார்கள். நம் ஊரில் இடைநீக்கம் ஆகிற அதிகாரி, பரபரப்பு அடங்கியதும் வேறொரு வார்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். இந்த வித்தியாசம்தான் முக்கியம். பணி இடைநீக்கத்தைத் தண்டனை என்று அழைப்பதை நாம் நிறுத்த வேண்டும்.

--------------------
பெட்டிச் செய்தி: உங்கள் கட்டடத்தை நீங்களே சோதிக்க

மணல்: ஒரு கண்ணாடிக் குவளையில் பாதி மணல் போட்டு, உப்புக் கரைத்த தண்ணீர் ஊற்றிக் குலுக்கி மூன்று மணி நேரம் விடுங்கள். மணலுக்கு மேல் படியும் சேற்றுப் படலம், கன அளவில் 8 சதவீதத்தைத் தாண்டினால் லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

கம்பி: 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 8 மில்லிமீட்டர் 0.395 கிலோ. 12 எம்எம்மில் 5 சதவீதமும் 8 எம்எம்மில் 7 சதவீதமும் வித்தியாசம் அனுமதி. ஒரு மீட்டர் வெட்டித் தராசில் வைத்துவிடலாம்.

கியூப்: தளம் போடும் அன்று பக்கத்தில் நில்லுங்கள். உங்கள் கண் முன்னால் அச்சு நிரம்பட்டும். ஈரம் காயும் முன் அதில் உங்கள் கையெழுத்து இருக்கட்டும். லேபுக்கும் நீங்களே கொண்டுபோங்கள்.

சந்தேகம் வந்தால்: காய்ந்த கான்கிரீட்டிலிருந்து துளைத்து எடுக்கும் ‘கோர்’ சோதனை உண்டு. கோர்களின் சராசரிப் பலம் நிர்ணயித்த கியூப் பலத்தில் 85 சதவீதம் இருக்க வேண்டும். எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது.

அடுக்குமாடி வாங்கியவர்களுக்கு: ரெரா என்னும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் பிரிவு 14(3)-இன்படி, வீடு ஒப்படைத்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறையைச் சுட்டிக்காட்டினால், பில்டர் 30 நாளில் செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும்.
--------------------

அறிக்கையை வெளியே வையுங்கள்

2019 ஜூலை முதல் 2023 மார்ச் வரை நடந்த சுமார் மூன்று லட்சம் வேலைகளில் 1,729 வேலைகளை நாகமோகன் தாஸ் ஆணையம் தேர்ந்தெடுத்து ஆராய்ந்தது. அறிக்கை சுமார் 20 ஆயிரம் பக்கம். 2025 ஏப்ரலில் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க அமைச்சரவை முடிவு செய்தது. குற்றச்சாட்டைக் கடிதமாக எழுதிய கெம்பண்ணா அதற்குச் சில மாதம் முன்பே, 2024 டிசம்பரில், காலமாகிவிட்டார்.

2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம், கீழே ஐந்து மாநகராட்சிகள். புதிய பலகைகள் மாட்டியாகிவிட்டது. பலகையை மாற்றிய அரசு இன்னும் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். அந்த 20 ஆயிரம் பக்கத்தையும் ஒரு வரி விடாமல் இணையத்தில் போட வேண்டும். ஒப்பந்ததாரர் பில்களை வரிசை எண்ணோடு பொதுவில் வைத்து, வரிசை மீறாமல் பணம் கொடுக்க வேண்டும். வரிசை தெரிந்துவிட்டால் முந்திக்கொள்ள விலை பேச முடியாது. அரசுப் பணத்தில் எழும் ஒவ்வொரு கட்டடத்திலும் கோர் சோதனையை, வேலை கொடுத்த துறைக்குத் தொடர்பில்லாத ஒருவரிடம் கொடுத்துச் செய்ய வேண்டும். மூன்றுக்கும் புதுச் சட்டம் தேவையில்லை.

அதுவரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் உரிமைச் சட்டம் என்றால் ஃபைல் நகல் கேட்பது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறோம். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு, அரசு வேலை நடக்கும் இடத்தை நேரில் பார்வையிடவும், அங்கே பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. உங்கள் தெருவில் சாக்கடை கட்டினாலும், உங்கள் பிள்ளை படிக்கும் அரசுப் பள்ளிக்கு வகுப்பறை கட்டினாலும், அந்த மணலையும் கான்கிரீட்டையும் கேட்டு வாங்கிச் சோதிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். எழுதிப் போடுங்கள்.